ஈ வராத பொங்கல்

செவன் ஹில்ஸ், சிட்னி
3-11-1975

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது.

நானும் உங்கள் தம்பியும் இங்கே சௌக்கியம். உங்கள் உடம்பும், சுன்னாகத்தில் பள்ளிக்கூட வேலையும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மதராசில் எங்கள் கல்யாணம் நடந்தபோது நீங்கள் வரவில்லை. நீங்கள் பேசி முடித்து வைத்திருந்த பெண்ணை விட்டுவிட்டு அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டார் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டோம். மூன்று வருஷமாக நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. அவரும் பயந்துகொண்டு எழுதவில்லை. எல்லாம் தெரிந்தும் நான் எழுதுகிறேன் என்றால், கேட்கப்போவது பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். இல்லை, ஈயைப் பற்றித்தான்.

இந்த ஊரில் தை மாதம் நடுக்கோடை. நம் ஊர் ஈ சாப்பாட்டைத் தேடும். இந்த ஊர் ஈ கண்ணையும் மூக்கையும் தேடி வரும். மனிதர்கள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டேதான் பேசுவார்கள். வந்த புதிதில், என்னைப் போ என்று விரட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். போன பொங்கலுக்குப் பின்முற்றத்தில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். பால் பொங்குகிற நேரத்தில் ஈக்கள் விழுந்து, பானையோடு கொட்டும்படி ஆயிற்று. அப்போது உங்கள் தம்பி, "அக்கா பொங்கேக்க ஒரு ஈ கிட்ட வராது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பற்றி அவராக வாய்திறந்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. ஈக்கு என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதோடு அவருக்கும் ஒரு வரி எழுதினால், அதைவிட எனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சந்திரகலா

*

சுன்னாகம்
17-11-1975

திருமதி சந்திரகலா அவர்கட்கு,

உமது கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீரும் சுகமாயிருப்பீர் என நினைக்கிறேன்.

அண்ணி என்று எழுதியிருக்கிறீர். இங்கே அண்ணி என்றால் அண்ணனின் பெண்சாதி. எனக்கு அண்ணனும் இல்லை. நான் யாருக்கும் பெண்சாதியும் இல்லை. எப்படி அழைப்பதென்பதை உமது வசதிப்படி செய்யும்.

கேள்விக்கு விடை எழுதுகிறேன். நான் மனையியல் படிப்பிக்கிறவள்; அத்தோடு கண்ணகி அம்மன் கோவில் அன்னதானத்துக்கு வெளிவீதியில் இலை போடுவது என் பொறுப்பு. ஈயைத் துரத்துவதை முதலில் விட்டுவிடும். அதற்கு விருந்து வைப்பதை நிறுத்தும். குப்பை வாளிக்கு மூடி உண்டா, கழுவின தண்ணீர் எங்கே தேங்குகிறது, பக்கத்து வளவில் என்ன வளர்க்கிறார்கள் என்று பாரும். பிறகு தேசிக்காயைப் பாதியாக வெட்டி, கராம்பை நெருக்கமாகக் குத்தி, அடுப்பைச் சுற்றி வையும். நிலத்துக்கு மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர் தெளியும். தோடம்பழத் தோலைக் காயவைத்துச் சாம்பிராணியோடு தணலில் போடும். புகைச்சட்டி காற்று வருகிற பக்கத்தில் இருக்க வேண்டும். மாறி வைத்தால் ஊருக்குப் புகை, உமக்கு ஈ. வளவின் கடைசி மூலையில் பழத்தோலும் சீனியும் போட்டு, அதுகளுக்கும் ஒரு வேலை கொடும்.

மற்ற விஷயம் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
நாகேஸ்வரி

*

செவன் ஹில்ஸ்
1-12-1975

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணி வேண்டாம் என்றால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நாங்கள் நலம். அங்கே மழைக்காலம், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. எதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். இரண்டு தட்டில் சர்க்கரை கலந்த பாலை ஊற்றி, ஒன்றைச் சுற்றி மட்டும் உங்கள் எலுமிச்சை கிராம்பு வைத்தேன். வெறும் தட்டு சிறிது நேரத்தில் கறுத்துவிட்டது. மற்றதில் இரண்டு மூன்று ஈ வந்து, யோசித்து, போய்விட்டன. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆரஞ்சுத் தோல் புகையில்தான் கொஞ்சம் தகராறு. பக்கத்து வீட்டு மால்ட்டாக்கார அம்மாள் வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து வேலிக்கு மேலாக ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துவிட்டார். நான் நனைந்தேன், சட்டி அணைந்தது. உலர்ந்த பிறகு அவர் பின்முற்றத்தைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் கேட்டது சரி: கோழி வளர்க்கிறார், எருவை வேலியோரம் குவித்திருக்கிறார். அடுத்த நாள் ஒரு பாத்திரம் பருப்புக்கறியும் ஒரு மூட்டை அடுப்புச் சாம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கறி வீட்டுக்கு, சாம்பல் எருவின் மேல் தூவ. இப்போது அவரே தூவுகிறார்.

வெறும் கடுதாசியிலேயே ஒரு முற்றத்தைச் சுத்தம் செய்துவிட்டீர்கள். இப்படி ஒருவரிடம் வளர்ந்தவர் சாக்ஸைக் கட்டிலுக்கு அடியில் போடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. தேசிக்காய் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டு மாட்டிக்கொண்டேன். "அந்தச் சொல்லை எங்க கண்டனீர்?" என்றார். கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். "எழுத்து மாறேல்லை" என்று மட்டும் சொன்னார். காலையில் அது அவர் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விட்டது. கிராம்பு எத்தனை குத்த வேண்டும் என்று பார்ப்பதற்குக்கூட இப்போது நான் அவரைத்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
சந்திரகலா

*

சுன்னாகம்
14-12-1975

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

நான் சுகம். சளி வரவில்லை, வந்தாலும் எனக்குக் கைமருந்து தெரியும்.

இரண்டு தட்டு வைத்துப் பார்த்ததை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று ஒரு பிள்ளை கேட்டது. தெரிந்தவர் என்றேன். பருப்புக்கறியும் சாம்பலும் ஒன்றாகக் கொடுத்தது என் மூளைக்கு எட்டாத யோசனை. நான் என்றால் சாம்பலை மட்டும் கொடுத்துச் சண்டை பிடித்திருப்பேன். உம்மை மெச்சுகிறேன்.

கராம்பு மிஞ்சினால் எறிய வேண்டாம். வீட்டில் யாருக்காவது இடதுபக்கக் கடைவாய்ப் பல் நோவு இருந்தால், இரவில் ஒன்றைக் கடித்துக்கொண்டு படுக்கச் சொல்லும். நடுக்கோடை என்று எழுதினீர். சிலருக்கு வெயிலில் மூக்கால் இரத்தம் வரும். அப்படி யாரும் இருந்தால் தலைக்குத் தொப்பி இல்லாமல் வெளியே விட வேண்டாம். சொன்னால் கேட்க மாட்டார்கள், கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

புகைச்சட்டிக்கு மண்சட்டி தேடும். தகரம் சீக்கிரம் சுட்டு, வாசம் கெட்டுவிடும்.

அன்புடன்,
நாகேஸ்வரி

*

செவன் ஹில்ஸ்
29-12-1975

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கடைவாய்ப் பல் உள்ளவரும் நானும் நலம். தொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். உங்கள் நலத்தை எழுதுங்கள். "கைமருந்து தெரியும்" என்பது நலம் ஆகாது.

பொங்கலுக்கு ஒரு துணிச்சலான திட்டம் வைத்திருக்கிறேன். பொங்கல் வியாழக்கிழமை வருகிறது. எல்லோருக்கும் வேலை. அதனால் சனிக்கிழமை காலை பின்முற்றத்தில் பொங்கி, உங்கள் ஊர்க்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். இவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் விக்னராஜா குடும்பம், லிட்கமில் இருந்து இன்னும் மூன்று குடும்பம். விக்னராஜாவின் மனைவி யோகா, உங்கள் தெருப் பெண்தானாமே. இதுவரை எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. கடைத்தெருவில் கண்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சிவபாலன் தன் அக்கா பேச்சை மீறிக் கட்டின இந்தியாக்காரி என்று என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஈக்கு எதிராக நானும் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். தெருமுனையில் ஒரு மரம் நிற்கிறது. இலை வேப்பிலை போல, கசக்கினால் மணமும் கிட்டத்தட்ட அதே மணம். நம் மலைவேம்புக்குச் சொந்தம் என்று நினைக்கிறேன். ஒரு கொத்தைத் தட்டுக்கு மேல் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஈ எட்டிப் பார்க்கவில்லை. பொங்கலன்று கொத்துக் கொத்தாகக் கட்டப்போகிறேன்.

அக்கா, பொங்கல் நாளில் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். "தம்பி, சுகமா" என்று எழுதினால்கூடப் போதும். தபால்காரர் வரும் நேரத்தில் அவர் வாசல் பக்கமாகவே ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறார். எனக்கு வரும் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்புடன்,
சந்திரகலா

*

சுன்னாகம்
9-1-1976

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

நான் சுகம். நீர் சுகமாயிரும்.

நீர் கேட்டதை நான் செய்ய மாட்டேன். ஒரு முறை விளங்கப்படுத்துகிறேன், பிறகு இதைப் பற்றி எழுத வேண்டாம். அம்மாவும் ஐயாவும் போன பிறகு அவனை வளர்த்தது நான். அந்தப் பிள்ளையைப் பெண் பார்க்கப் போனபோது அவன் சம்மதம் சொன்னான். அவன் சொல்லை நம்பி நான் என் சொல்லைக் கொடுத்தேன். பிறகு அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்று, நின்றபடியே என்னைக் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் கிடக்கின்றன. ஆரையும் விரும்பினால் முதலே சொல்லியிருக்கலாம். நான் தலையையா வெட்டியிருப்பேன்? சொல் தவறினவனுக்கு எழுத எனக்குக் கை வராது.

உம்மில் எனக்குக் கோபம் இல்லை. உமது கடிதம் வருகிற கிழமை எனக்கு நல்ல கிழமை. அதுதான் இப்போது எனக்குப் பெரிய கரைச்சலாக இருக்கிறது.

ஈயைப் பற்றி எழுதும்.

நாகேஸ்வரி

*

செவன் ஹில்ஸ்
19-1-1976

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்பதில் சந்தோஷம். மற்றதைப் பற்றி எழுதவில்லை. ஈயைப் பற்றி எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் முற்றத்தில் ஓர் ஈ இல்லை. பூனைக்குக்கூட அடையாளம் தெரியவில்லை, சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. மஞ்சள் நீர் தெளித்து, எலுமிச்சை வைத்து, மண்சட்டியில் புகை போட்டு, காற்றின் திசை பார்த்து, எல்லாம் நீங்கள் சொன்னபடி. எதிர்ப்பக்கம் புல்வெளியில் குதிரைகள் நிற்கின்றன. ஈ அங்கேயிருந்துதான் கிளம்புகிறது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே அந்த மரத்தின் இலையை முன்பக்கம் முழுக்கக் கட்டினோம். கேட்டின் இரண்டு தூணிலும் பெரிய கொத்து, வாசல் நிலையில் தோரணம். அவரே ஏணி வைத்து ஏறிக் கட்டினார். அப்படி ஒரு உற்சாகம்.

பால் பொங்கியது, வெள்ளை வெளேரென்று. அக்கா, உங்கள் கையே அங்கே நின்றது போல இருந்தது எனக்கு.

ஆனால் ஒருவரும் வரவில்லை.

விக்னராஜாவின் கார் கேட் வரைக்கும் வந்து, மெதுவாகி, நின்று, பிறகு போய்விட்டது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போவதற்குள் தெருமுனை திரும்பிவிட்டது. லிட்கம்காரர்கள் வரவேயில்லை. மத்தியானம் பார்த்தால், கடிதப்பெட்டிக்குக் கீழே யாரோ ஒரு பெரிய தர்பூசணியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழக்கடைக்காரன் வீடு மாறி வைத்துவிட்டான் போலிருக்கிறது.

இரண்டு பெரிய பானைச் சர்க்கரைப் பொங்கலை மால்ட்டா அம்மாளும் அவர் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். இவர் பானையைக் கழுவினார். "பரவாயில்லை கலா" என்றார், இரண்டு தரம். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். என்னால்தானே அவருக்கு அக்காவும் இல்லாமல் ஊரும் இல்லாமல் போய்விட்டது.

தொழிற்சாலைக்கு இந்த வாரம் பூட்டு, இயந்திரம் கழுவுகிறார்கள். அவர் வீட்டிலேயே இருக்கிறார்.

சந்திரகலா

*

சுன்னாகம்
29-1-1976

தம்பி சிவபாலா,

உனக்கு எப்படி இருக்கிறது? காலையில் தந்தி அடித்தேன். தந்தியில் ஒன்றும் விரிவாகக் கேட்க முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

யோகாவின் தாய் விடிய வந்து, சிட்னியில் இருந்து மகள் எழுதின கடிதத்தைக் காட்டினா. "உங்கட தம்பி வீட்டில அம்மாள் வந்திருக்காம் ரீச்சர், படலையில வேப்பங்குழை கட்டிக்கிடக்காம், தம்பி வேலைக்கும் போகேல்லையாம்" என்று சொன்னா. அதற்குப் பிறகு அவ சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

கொப்பளத்தைச் சொறியாதே. நீ சின்னனிலும் சொறிகிறவன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல். உறைப்பு, எண்ணெய் ஒன்றும் வேண்டாம். வத்தகப்பழம் கிடைத்தால் சாப்பிடு. சந்திரகலாவுக்கு முன்பு வந்ததா? வராவிட்டால் அவவைக் கிட்ட விடாதே. விடாவிட்டாலும் அவ நிற்பா, எனக்குத் தெரியும். காய்ச்சல் கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வீம்பு பிடிக்காதே. வீம்பு என்னிடம் இருப்பது போதும்.

மூன்று வருஷம் உன் பெயரை என் வாயால் சொல்லவில்லை. இன்று அம்மாள் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். பூசையில் நின்ற ஐயர் திரும்பிப் பார்த்தார். நேத்தி ஒன்றும் வைத்திருக்கிறேன்.

எழும்பி இருக்க முடிந்த உடனே உன் கையால் ஒரு வரி எழுது.

அக்கா

*

செவன் ஹில்ஸ்
1-2-1976

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் விஷயம்: அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. பதில் தந்தி இதற்குள் வந்திருக்கும். உங்கள் தந்தியில் "தம்பி உடல்நிலை எப்படி, உடன் அறிவி, அக்கா" என்று இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு என்ன என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. ஊர்ச் செய்தி தெரிந்தவர்கள் என்று நேராக விக்னராஜா வீட்டுக்குப் போனோம்.

விக்னராஜா, ஈ வராமல் போட்டிருக்கும் வலைக்கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "அண்ணை, குறை நினையாதேங்கோ, உள்ள வராதேங்கோ. சின்னப் பிள்ளையள் இருக்கு. தண்ணி வாத்தாச்சோ?" என்றார். இவர், "என்ன தண்ணி?" என்றார். "அம்மாள் தண்ணி" என்றார் அவர். பின்னாலிருந்து யோகா, "வத்தகப்பழம் சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ" என்றார்.

அப்போதுதான், அக்கா, எனக்குத் தலையில் இடி விழுந்தது. கேட்டில் இரண்டு பக்கமும் வேப்பிலை, வாசலில் வேப்பிலைத் தோரணம். எந்தத் தமிழ் ஆள் உள்ளே வருவான்? தமிழ்த் தாய்க்குப் பிறந்த இரண்டு பேர் ஏணி போட்டுக் கட்டியிருக்கிறோம், ஒருவருக்காவது தோன்றவில்லை. ஈ, ஈ என்று எங்களுக்குக் கண்ணே தெரியாமல் போய்விட்டது.

அவர்கள் வந்திருந்தார்கள், அக்கா. எனக்கு அதுதான் பெரிது. யோகா வடை சுட்டுக்கொண்டு வந்திருந்தாராம். அம்மை வந்த வீடு என்று பயந்து, சொல்லிக்கொள்ளக்கூடாது என்று சொல்லாமல், உடம்பு குளிரட்டும் என்று அந்தத் தர்பூசணியை, அவர்கள் சொல்லும் வத்தகப்பழத்தை, வைத்துவிட்டு, லிட்கம்காரர்களையும் போய்த் தடுத்திருக்கிறார். வலைக்கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம். பிறகு திறந்து, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

ஆனால் உங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத நோய்க்கு உங்களைக் கலங்க வைத்துவிட்டோம். ஏமாற்றி எழுத வைத்தோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சந்திரகலா

*

செவன் ஹில்ஸ்
11-2-1976

அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன்.

29ஆம் திகதிக் கடிதம் இன்று கிடைத்தது. எனக்கு அம்மை வருத்தம் இல்லை என்று தெரிந்திருந்தால் நீங்கள் இதை எழுதியிருக்க மாட்டீர்கள். திருப்பி அனுப்பு என்றால் அனுப்ப எனக்கு மனமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்று சம்மதம் சொன்னது உங்களுக்குப் பயந்து. பிறகு சொல்லாமல் விட்டதும் பயத்தில்தான். பிழை என்னுடையது, கலாவுடையது அல்ல.

நான் சொறிவதில்லை.

தம்பி
சிவபாலன்

*

செவன் ஹில்ஸ்
22-3-1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. மாசி முழுக்க உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. யோகாவின் அம்மா எழுதியதில், ரீச்சர் பள்ளிக்கூடம் போகிறார், கோவிலுக்கும் போகிறார் என்று இருந்தது. அப்படியென்றால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதக்கூடாது என்றுதான் இருக்கிறீர்கள்.

இங்கே வெயில் இறங்கிவிட்டது. ஈயும் குறைந்துவிட்டது. கேட்பதற்கு என்னிடம் கேள்வி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யோகா வருகிறார், லிட்கம்காரர்களும் வருகிறார்கள். எங்கள் முற்றத்தில் மட்டும்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம், இவருடைய அக்கா சொல்லிக் கொடுத்தது என்று சொல்கிறேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

சந்திரகலா

*

சுன்னாகம்
4-4-1976

அன்பு மச்சாள் சந்திரகலாவுக்கும் தம்பி சிவபாலனுக்கும்,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் அம்மாள் பார்த்துக்கொள்ளட்டும்.

கோபம்தான். உம்மில் இல்லை, என்னில். மரத்தைப் பற்றி நீர் விளக்கமாக எழுதியிருந்தீர். குழை என்றதும் எனக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். தம்பிக்கு வருத்தம் என்றவுடன், படித்த மனையியலும் போய், படிப்பித்த மூளையும் போய்விட்டது. அடுத்த நாள், ஈக்குக் குழை கட்டினதை எழுதின உமது கடிதமும், அதன் பிறகு தந்தியும் வந்தன. ஆறுதலில் அழுதேன். பிறகு வெட்கம் பிடித்துக்கொண்டது. எழுத உட்காருவேன், எழும்பிவிடுவேன்.

வெட்கம் மட்டும் இல்லை, நேத்திதான் பெரிய வழக்காக வந்தது. அன்று அம்மாள் வாசலில் நான் சொன்னது இது: "அவன் எழும்பட்டும் தாயே. அவனும் அவன் பெண்சாதியும் என் வீட்டில் இருந்து வந்து, என்னோடு ஒரே அடுப்பில் பொங்கி உனக்குப் படைப்போம்." வருத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு, இந்தச் சொல் நிற்குமா நிற்காதா? இந்த இரண்டு மாதமும் எனக்கும் எனக்கும் இதுதான் வழக்கு. நிற்காது என்று ஆராவது சொன்னால் எனக்கு வசதி. வீம்பை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம்.

போன வெள்ளி ஐயரிடம் கேட்டேன். அவர், "வருத்தமே வராத ஆளுக்கு வைச்ச நேத்தி கணக்கில வராது ரீச்சர், விட்டிடுங்கோ" என்றார். நான் வேண்டிப் போனது அந்தப் பதில்தான். கிடைத்ததும் எனக்கு அவரில் எப்படிக் கோபம் வந்ததென்று தெரியாது. "வராமல் காத்தது ஆர் ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திருநீற்றைத் தந்தார்.

தம்பி, சொல் தவறினவன் என்று உன்னை மூன்று வருஷம் தள்ளி வைத்தவள் நான். இப்போது நானே அம்மாளுக்குக் கொடுத்த சொல்லைத் தவறினால், உன்னைக் கோபிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? நீ பயத்தில் தவறினாய். நான் வீம்பில் தவற இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, என்னைப் பார்த்து ஒரு பிள்ளை இவ்வளவு பயப்படும்படி வளர்த்தேனா என்று நினைத்துக்கொண்டு பல இரவு கிடந்தேன்.

ஆகையால் இரண்டு பேரும் வாருங்கள். அம்மாள் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு லீவு எடுங்கள். இந்த வைகாசி முடியாவிட்டால் அடுத்த வைகாசி. அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா, நான் பொறுப்பேனோ தெரியாது. சந்திரகலா, அந்தப் பிள்ளையின் தாய்க்கு முன்னால் உம்மை ஒளித்து வைக்கப்போவதில்லை. என் பக்கத்தில் நின்று நீர்தான் அடுப்பு மூட்டுகிறீர், ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில். இவதான் என் தம்பியின் பெண்சாதி, சிட்னியில் என்னைவிடக் கெட்டிக்காரி என்று நானே சொல்லுவேன்.

அவனுடைய அறையை இத்தனை நாள் நெல்லு மூட்டை போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். நேற்று மூட்டையை வெளியே எடுத்து, வெள்ளையடிக்க ஆள் பிடித்துவிட்டேன். ஒரு சுவர் முடிந்துவிட்டது. இனி வரவில்லை என்று எழுத வேண்டாம்.

உங்கள்
அக்கா